விக்டோரியா காலத்து சர்வரோக நிவாரணி மருந்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா மகாராணி ஆட்சி 1837-ல ஆரம்பிச்சு 1901-ல முடிஞ்சது. அந்தக் காலத்துல இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் எந்தப் பேப்பரைப் பிரிச்சாலும் மருந்து விளம்பரம்தான். ஒரே மாத்திரைல அஜீரணம், தலைவலி, கல்லீரல் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை எல்லாம் பறந்துரும்னு எழுதிருப்பாங்க. இதைப் படிக்கிற நிறைய பேர் "அப்போ ஜனங்க ஏமாளிங்களா இருந்திருக்காங்க"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க, அதை என்னால ஒத்துக்க முடியல. வாங்குனவங்களுக்கு வேற வழி இல்ல, தப்பு பூரா வித்தவங்க மேலயும் தெரிஞ்சே விட்டு வச்சவங்க மேலயும்தான். அதனாலதான் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எடுத்து கொஞ்சம் விரிவாவே பதில் எழுதிருக்கேன்.

இந்த மருந்துகளை "பேடண்ட் மருந்து"ங்கிறாங்களே, அப்போ பேடண்ட், அதாவது காப்புரிமை, வாங்கின மருந்தா?

பெரும்பாலும் கிடையாது. பேடண்ட் கேட்டா உள்ள என்ன சேர்த்திருக்கோம்னு எழுதிக் குடுக்கணும், எழுதிக் குடுத்தா ஊருக்கே ஃபார்முலா தெரிஞ்சிரும், அதனால பெரும்பாலான கம்பெனிக அந்தப் பக்கமே போகல. அவங்க காப்பாத்திக்கிட்டது பேரு, லேபிள், பாட்டில் வடிவம் இது மட்டும்தான். முந்தி ராஜாகிட்ட அங்கீகாரக் கடிதம் வாங்கி மருந்து வித்தவங்க சில பேர் இருந்தாங்க, அந்தப் பழைய பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு.

அந்த மருந்து டப்பாவுல அரசாங்க முத்திரை இருந்துச்சுங்கிறாங்களே, அப்போ அரசாங்கமே ஒத்துக்கிட்டதா அர்த்தம்?

இல்லவே இல்ல, அது வெறும் வரி ஸ்டாம்ப். பிரிட்டன்ல 1783-ல இருந்தே இந்த மாதிரி மருந்துக்கு ஸ்டாம்ப் வரி உண்டு. 1 ஷில்லிங் மருந்துக்கு ஒன்றரை பென்னி வரி, அதனாலதான் பழைய விளம்பரத்துல எல்லாம் 1 ஷில்லிங் ஒன்றரை பென்னின்னு ஒரு விசித்திரமான விலை இருக்கும். வரி கட்டுனதுக்கு அடையாளமா ஒரு சீட்டை டப்பா மேல ஒட்டுவாங்க. அதைப் பாத்த ஜனங்க சர்க்காரே சோதிச்சு சரின்னு சொன்ன மருந்துன்னு நம்புனாங்க, கம்பெனிகளும் "அரசாங்க முத்திரை இல்லாதது போலி"ன்னு விளம்பரத்துலயே போட்டு அந்த நம்பிக்கையை வளத்து விட்டாங்க. கஜானாவுக்கு காசு வந்துகிட்டு இருந்ததால அரசாங்கமும் கண்டுக்கல. இந்த ஸ்டாம்ப் 1941-லதான் ஒழிஞ்சது.

சரி, உள்ள உண்மையிலேயே என்னதான் இருந்துச்சு?

முக்காவாசி மருந்தை மூணு நாலு வகைல அடக்கிடலாம்: பேதி மருந்து, சாராயம், அபின், இல்லேன்னா ஒண்ணுமே இல்லாத தண்ணி.

பேதி வகைக்கு நல்ல உதாரணம் பீச்சம்ஸ் மாத்திரை. தாமஸ் பீச்சம்னு ஒருத்தர் இங்கிலாந்துல செயின்ட் ஹெலன்ஸ் ஊர்ல வச்சுப் பெருசாக்குன வியாபாரம் இது. "ஒரு டப்பா ஒரு கினி பெறும்"னுதான் விளம்பரம், கினின்னா 21 ஷில்லிங், ஆனா விலை வெறும் 1 ஷில்லிங் ஒன்றரை பென்னி, அதனால வாங்குறவங்களுக்கு பெரிய லாபம் கிடைச்ச மாதிரி இருக்கும். பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் இதை சோதிச்சுப் பாத்து 1909-ல "சீக்ரெட் ரெமடிஸ்"னு ஒரு புத்தகமாவே வெளியிட்டாங்க. உள்ள இருந்தது கரியபோளம், அதாவது கத்தாழைச் சாறைக் காய்ச்சி எடுக்குறது, கூட சுக்குப் பொடி, சோப்பு. 56 மாத்திரைக்கான சரக்கு விலை அரை ஃபார்திங்தான். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஒரு பென்னிக்கு 4 ஃபார்திங், கணக்கு போட்டுப் பாத்தீங்கன்னா விக்கிற விலைல நூத்துல ஒரு பங்கு கூட சரக்குக்கு வரல.

சாராய வகைல அமெரிக்காவோட பெருனா பேர் போனது, அதுல சுமார் 28 சதவீதம் ஆல்கஹால். வீட்டுல மதுவே கூடாதுன்னு கட்டுப்பாடா இருந்தவங்க கூட இதை டானிக்னு நம்பி ஸ்பூன் ஸ்பூனா குடிச்சாங்க. தண்ணி வகைக்கு டெக்ஸஸ்ல வில்லியம் ராடம்னு ஒருத்தர் வித்த "மைக்ரோப் கில்லர்", எல்லா நோய்க்கும் கிருமிதான் காரணம், எல்லாக் கிருமியையும் இது கொல்லும்னு சொன்னாரு, சோதிச்சா அநேகமா பூரா தண்ணி, அதுல கொஞ்சம் ஆசிட். அபின் விஷயத்தை கீழ தனியா எழுதிருக்கேன், அதை ரெண்டு வரில கடந்து போக முடியாது.

அப்போ இதுல யாருக்குமே குணமாகலையா?

சில பேருக்கு ஆச்சு, அதையும் சொல்லித்தான் ஆகணும். ரொட்டியும் டீயுமா சாப்பிட்டு மலச்சிக்கல்ல கஷ்டப்பட்டவங்களுக்கு பேதி மாத்திரை நிஜமாவே சுகம் குடுத்துச்சு. கனடாக்காரர் ஃபுல்ஃபோர்டு உலகம் பூரா வித்த "டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் மாத்திரை"ல இரும்புச் சத்து இருந்துச்சு, ரத்தசோகைல வெளுத்துப் போன பொண்ணுங்களுக்கு அது கொஞ்சமாவது உதவிருக்கும். ஆனா விளம்பரத்துல அதே மாத்திரை பக்கவாதத்தையும் போக்கும்னு போட்டாங்க, அங்கதான் பித்தலாட்டம். சளி, காய்ச்சல், முதுகுவலி மாதிரி பல நோய் ரெண்டு வாரத்துல தானாவே போயிரும், போனதும் பேரு கடைசியா சாப்பிட்ட மருந்துக்கு. அந்த ஆளு மனசார நன்றிக் கடிதம் எழுதுவாரு, அது அடுத்த விளம்பரமா வரும்.

டாக்டர்கிட்ட போகாம ஏன் இதைப் போய் வாங்குனாங்க?

முதல் காரணம் காசு. ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு டாக்டர் ஃபீஸ் கட்டுப்படியாகாது, ஆனா ஒரு டப்பா மாத்திரையை வாங்கி வீடே பங்கு போட்டுக்கலாம். ரெண்டாவது, அன்னிக்கு டாக்டர் கிட்ட போனாலும் பெருசா என்ன கிடைச்சிருக்கும்? அந்த நூற்றாண்டோட முன்பாதில ரத்தத்தை வடிய விடுறதும், பாதரச மருந்து குடுத்து பல்லு ஆடுற அளவுக்கு எச்சில் ஊத்த வைக்குறதும் சாதாரண வைத்தியம். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடிச்சதே 1882-ல, கண்டுபிடிச்ச பிறகும் அதைக் குணமாக்குற மருந்து வர இன்னும் அறுபது வருஷம் ஆச்சு. இருமி இருமி சாகுற புள்ளையைப் பாத்துகிட்டு உக்காந்திருக்குற ஒரு தாய், பேப்பர்ல "நிச்சயம் குணம்"னு பாத்தா வாங்காம என்ன செய்வா?

குழந்தைகளுக்கு அபின் குடுத்தாங்கங்கிறது உண்மையா?

உண்மை. இந்த வரலாற்றுலயே மனசை ரொம்பக் கஷ்டப்படுத்துற பகுதி இதுதான்.

இங்கிலாந்துல காட்ஃப்ரேஸ் கார்டியல்னு ஒரு சிரப், வெல்லப்பாகுல அபின் கலந்தது. மான்செஸ்டர், நாட்டிங்ஹாம் மாதிரி மில் ஊருல பிரசவம் ஆன கொஞ்ச நாள்ல தாய் வேலைக்குத் திரும்பிடணும், இல்லேன்னா வீட்டுல அடுப்பு எரியாது. குழந்தையைப் பாத்துக்க ஒரு வயசான அம்மாகிட்டயோ பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்டயோ விட்டுட்டுப் போவாங்க, அவங்க அஞ்சாறு குழந்தையை ஒண்ணா வச்சிருப்பாங்க, அழுகையை நிறுத்த ஒரு சொட்டு ரெண்டு சொட்டு கார்டியல். ஒவ்வொரு கடைக்காரரும் தன் கைப்பக்குவத்துல கலக்குவாரு, ஒரு கடைச் சரக்குல அபின் குறைவா இருக்கும், அடுத்த கடைல பல மடங்கு இருக்கும், அளவு தெரிஞ்சு குடுக்க வழியே கிடையாது. சில குழந்தைக அளவு கூடி மூச்சு நின்னு போச்சு. அதை விட அதிகமா, மயக்கத்துலயே கிடந்ததால பசிச்சு அழவும் தெம்பில்லாம பாலும் குடிக்காம வத்தி உலர்ந்து போன குழந்தைக. அதுகளோட சாவுக்கு அபின்னு எழுத மாட்டாங்க, பலவீனம்னு எழுதுவாங்க.

அமெரிக்காவுல மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப். 1849-ல மெய்ன் மாநிலத்துல ஆரம்பிச்சது, பல்லு முளைக்கிற குழந்தைக்குன்னே வித்தாங்க. விளம்பரப் படத்துல அழகான அம்மா, சுத்தி சிரிச்ச முகத்தோட குழந்தைக. ஒரு அவுன்ஸ்ல, அதாவது சுமார் 30 மில்லில, 65 மில்லிகிராம் மார்ஃபின், அதாவது அபின்ல இருந்து பிரிச்செடுக்குற சத்து. ஒரு டீஸ்பூனுக்குக் கணக்கு பாத்தா 10 மில்லிகிராமுக்கு மேல வருது, அது இன்னிக்கு கடுமையான வலில துடிக்கிற ஒரு பெரிய ஆளுக்கு வாய்வழியா குடுக்க ஆரம்பிக்கிற அளவு. பாட்டில்ல போட்டிருந்த அளவு என்னன்னா, 6 மாசத்துக்கு மேல ஆன குழந்தைக்கு ஒரு டீஸ்பூன், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. லேபிள்ல மார்ஃபின்னு ஒரு எழுத்து கிடையாது. வாங்கிக் குடுத்த தாய்க்கு அது விஷம்னு தெரிய எந்த வழியும் இல்ல, அதனால அந்தத் தாய்மாரைக் குத்தம் சொல்றவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும். 1911-ல அமெரிக்க மருத்துவர் சங்கம் இதை "குழந்தைக் கொல்லி"ன்னே வகைப்படுத்துச்சு, அதுக்கப்புறமும் பல வருஷம் கடைல இருந்துச்சு.

இதுல இந்தியாவுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. க்ளோரோடைன்னு ஒரு மருந்து, இங்க இருந்த பிரிட்டிஷ் ராணுவத்துல டாக்டரா இருந்த ஜான் காலிஸ் பிரௌன் காலராவுக்காக 1848 வாக்குல தயாரிச்சது. உள்ள அபின் சத்து, கஞ்சா டிங்சர், க்ளோரோஃபார்ம். அபின் குடலோட வேகத்தைக் குறைக்கும், அதனால பேதி நிக்கும், வலியும் தெரியாது, பாக்குறவங்களுக்கு உயிரைக் காப்பாத்துன மாதிரியே இருக்கும். ஆனா காலராவுல ஆள் சாகுறது உடம்புல தண்ணியும் உப்பும் வத்திப் போறதால, அதுக்கு இந்த மருந்துல ஒண்ணும் இல்ல. பின்னால லண்டன்ல இது பெரிய வியாபாரம் ஆச்சு, இருமல்ல இருந்து தூக்கமின்மை வரைக்கும் குடிச்சாங்க, விட முடியாம அடிமை ஆனவங்க ஏராளம். 1868-லயே பிரிட்டன்ல விஷப் பொருளை விக்க கட்டுப்பாடு சட்டம் வந்தாச்சு, ஆனா பேடண்ட் மருந்துக்கு அதுல விலக்கு குடுத்துட்டாங்க! அபினைத் தனியா வாங்கப் போனா கட்டுப்பாடு, பாட்டில்ல கலந்து பேரு வச்சு வித்தா கட்டுப்பாடு இல்ல. 1890-கள்ல கோர்ட்டு தலையிட்ட பிறகுதான் இதுல விஷம்னு லேபிள் ஒட்ட வேண்டி வந்துச்சு.

விளம்பரத்துக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்துச்சு?

மேல சொன்ன கணக்குலதான் பதில் இருக்கு, சரக்குக்கு செலவே இல்லாததால மிச்சப் பணம் பூரா விளம்பரத்துக்கு. தாமஸ் ஹாலோவேங்கிறவர் 1837-ல களிம்பு விக்க ஆரம்பிச்சாரு, அப்புறம் மாத்திரை. ஆரம்பத்துல விளம்பரக் கடனைக் கட்ட முடியாம ஜெயிலுக்கே போனவரு, கடைசி காலத்துல வருஷத்துக்கு சுமார் 50,000 பவுண்டு விளம்பரத்துக்கு மட்டும் செலவு பண்ணாரு. இந்தியா, சீனா வரைக்கும் பேப்பர்ல விளம்பரம். இதுல எனக்குப் புரிபடாத மனுஷன் இவருதான், அந்தப் பணத்துல பெண்களுக்குன்னு ஒரு பெரிய கல்லூரி கட்டுனாரு, 1886-ல விக்டோரியா மகாராணியே வந்து திறந்து வச்சாங்க, ராயல் ஹாலோவேன்னு இன்னிக்கும் நடக்குது.

அதே காலத்துல பேப்பரும் மலிவாச்சு. பிரிட்டன்ல விளம்பர வரி 1853-ல போச்சு, பத்திரிகை ஸ்டாம்ப் வரி 1855-ல, காகித வரி 1861-ல. பேப்பர் படிக்கிற கூட்டம் பெருகுச்சு, ரயில்வே ஸ்டேஷன், சுவரு, எல்லா இடத்துலயும் போஸ்டர். பிரபலங்களை வச்சு விக்கிறதும் அப்பவே உண்டு, வின் மரியானின்னு கோகோ இலை ஊறப்போட்ட ஒயின், அதாவது கோகெய்ன் கலந்த ஒயின், அதுக்கு போப் பதின்மூணாம் லியோ தங்கப் பதக்கம் குடுத்தாரு, கம்பெனி அவர் படத்தையே விளம்பரத்துல போட்டுச்சு.

லிடியா பிங்காம் யாரு? அவங்க படம் ஏன் எல்லா இடத்துலயும் இருக்கு?

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம், லின் ஊரு. வீட்டு அடுப்புல மூலிகைக் கஷாயம் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் குடுத்துகிட்டு இருந்தவங்க, குடும்பம் நொடிச்சுப் போனதும் 1875-ல அதையே வியாபாரமா ஆரம்பிச்சாங்க. மாதவிடாய்க் கோளாறு, கர்ப்பப்பை இறக்கம் மாதிரி பெண்கள் பிரச்சனைக்கு. லேபிள்ல அவங்க முகம், நம்ம வீட்டுப் பெரியம்மா மாதிரி சாந்தமா. உள்ள கிட்டத்தட்ட 18 சதவீதம் ஆல்கஹால்.

பெண்கள் ஏன் நம்புனாங்கன்னா, அன்னிக்கு ஆண் டாக்டர்கள்கிட்ட இதைப் பேசவே கூச்சம், பேசினாலும் பல பேர் காது குடுக்கல, சில டாக்டர்கள் நல்லா இருக்குற சினைப்பையையே வெட்டி எடுத்துட்டு அதை வைத்தியம்னாங்க. அதுக்கு நடுவுல ஒருத்தங்க "எனக்குக் கடிதம் எழுதுங்க, எந்த ஆணும் படிக்க மாட்டான்"னு சொன்னா எழுதத்தானே தோணும்? மாதவிடாய், பிரசவம் பத்தி ஒளிவுமறைவு இல்லாம புத்தகமே அடிச்சுக் குடுத்தாங்க, அந்த விஷயத்துல எனக்கு அவங்க மேல மரியாதை உண்டு. ஆனா 1883-ல அவங்க இறந்த பிறகும் "மிஸஸ் பிங்காமுக்கு எழுதுங்க"ன்னு விளம்பரம் நிக்கவே இல்ல, பதில் கடிதமும் போய்கிட்டே இருந்துச்சு. 1905-ல லேடீஸ் ஹோம் ஜர்னல் பத்திரிகை அவங்க கல்லறைக் கல்லோட போட்டோவையே அச்சடிச்சு உண்மையை உடைச்சது. பெண்கள் அந்தரங்கமா எழுதுன கடிதங்களை சில கம்பெனிக கட்டுக்கட்டா வாடகைக்கு விட்டதும் அந்தக் காலத்துலதான் அம்பலமாச்சு.

"பெண்களுக்கான மாத்திரை"ன்னு மறைமுகமா எழுதிருக்கே, அது என்ன?

"தடையை நீக்கும்"னு போட்டிருப்பாங்க. தள்ளிப் போன மாதவிடாயை வரவைக்கும்னு அர்த்தம், அதாவது கருக்கலைப்பு மருந்து. பெரும்பாலும் வேலை செய்யாது, வேலை செய்றது உயிருக்கு ஆபத்து. வாங்குனவங்க போலீஸ்ல புகார் குடுக்கவும் முடியாது, ஏன்னா கலைக்க நினைச்சதே குற்றம். இதைப் பயன்படுத்தி லண்டன்ல க்ரைம்ஸ்ங்கிற குடும்பப் பேர் கொண்ட மூணு அண்ணன் தம்பிக "லேடி மான்ட்ரோஸ்" பேர்ல மாத்திரை வித்தாங்க, அப்புறம் வாங்குன ஆயிரக்கணக்கான பெண்களோட விலாசத்தை வச்சு "2 கினி அனுப்பு, இல்லேன்னா வழக்கு போடுவோம்"னு மிரட்டல் கடிதம் அனுப்பினாங்க. பயந்துபோய் பணம் அனுப்புனவங்க நிறைய. 1898-ல மூணு பேரும் மாட்டி ஜெயிலுக்குப் போனாங்க.

சட்டக் கல்லூரில படிக்கிற கார்பாலிக் ஸ்மோக் பால் கேஸும் இதுதானா?

ஆமா, அதேதான். நம்ம ஊர்ல ஒப்பந்தச் சட்டம் படிக்கிற ஒவ்வொருத்தரும் முதல்ல படிக்கிற கேஸ். ரப்பர் பந்து ஒண்ணு, உள்ள கார்பாலிக் ஆசிட் கலந்த பொடி, ஒரு குழாய். குழாயை மூக்குல வச்சு பந்தை அமுக்கினா பொடி உள்ள போகும், மூக்கு ஒழுகும், ஒழுகுறதோட நோயும் போயிரும்னு சொன்னாங்க. விலை 10 ஷில்லிங், அது சின்ன காசு இல்ல.

1889-90-ல உலகம் பூரா ஃப்ளூ காய்ச்சல் பரவுச்சு, அடுத்தடுத்த வருஷமும் திரும்ப வந்துச்சு, ஜனங்க பயந்து கிடந்தாங்க. 1891 நவம்பர்ல கம்பெனி விளம்பரம் போட்டுச்சு: சொன்னபடி ரெண்டு வாரம், ஒரு நாளைக்கு மூணு தடவை பயன்படுத்தியும் ஃப்ளூ வந்தா 100 பவுண்டு தருவோம், எங்க நேர்மைக்கு அடையாளமா அலையன்ஸ் பேங்க்ல 1,000 பவுண்டு போட்டிருக்கோம். லூயிசா கார்லில்னு ஒரு அம்மா நவம்பர் 20-ல இருந்து ஜனவரி 17 வரைக்கும் விடாம பயன்படுத்தினாங்க, அன்னிக்கு அவங்களுக்கு ஃப்ளூ. பணம் கேட்டாங்க, கம்பெனி குடுக்கல, கோர்ட்டுக்குப் போனாங்க.

கம்பெனி வாதம் என்னன்னா, அது சும்மா விளம்பர வீச்சு, அதை யாராவது நிஜம்னு எடுத்துக்குவாங்களா, உலகத்துல இருக்குற எல்லாரோடயும் நாங்க ஒப்பந்தம் போட முடியுமா, அந்தம்மா ஒத்துக்கிட்டேன்னு எங்களுக்குத் தெரியப்படுத்தவே இல்லையே. 1892 டிசம்பர்ல அப்பீல் கோர்ட் மூணையும் தள்ளிடுச்சு. பேங்க்ல பணம் போட்டதைச் சொன்ன பிறகு சும்மா சொன்னேன்னு சொல்ல முடியாது. காணாமப் போன நாயைக் கண்டுபிடிச்சா பரிசுன்னு அறிவிச்சா தேடப் போறவன் முதல்ல கடிதம் எழுதிட்டா போவான், தேடுறதே சம்மதம்தான்னு நீதிபதி போவன் விளக்குனாரு. நம்ம இந்திய ஒப்பந்தச் சட்டம் 8-வது பிரிவுலயும் இதே கருத்துதான், நிபந்தனையைச் செஞ்சு முடிக்கிறதே சம்மதம். ஆனா வகுப்புல இது சட்ட நுணுக்கமா மட்டும் நின்னு போயிருது. தோத்த பிறகும் கம்பெனி பரிசை 200 பவுண்டா ஏத்தி, நிபந்தனையை இறுக்கி மறுபடி விளம்பரம் போட்டுச்சுங்கிறதையும் சேர்த்துப் படிக்கணும்.

போலி மருந்துக்கே பட்டப்பேரா ஆகிப்போன "பாம்பு எண்ணெய்" நிஜமா பாம்புல இருந்து எடுத்ததா?

க்ளார்க் ஸ்டான்லிங்கிறவர் அமெரிக்காவுல கௌபாய் வேஷத்துல பாம்பை வச்சு வித்தை காட்டி எண்ணெய் வித்தாரு. அரசாங்கம் எடுத்து சோதிச்சப்ப மினரல் ஆயில், கொஞ்சம் கொழுப்பு, மிளகாய் இதுதான் இருந்துச்சு, பாம்போட சம்பந்தமே இல்ல. அபராதம் 20 டாலர்.

இத்தனை நடந்தும் பத்திரிகைகள் ஏன் எழுதல?

விளம்பர வருமானம் போயிரும்னுதான். அமெரிக்காவுல சில மருந்துக் கம்பெனிக பத்திரிகையோட போடுற ஒப்பந்தத்துல ஒரு வரி சேர்த்தாங்க: உங்க மாநிலத்துல எங்களுக்கு எதிரா சட்டம் வந்தா இந்த ஒப்பந்தம் ரத்து. அதனால சட்டம் பேச்சு எழும்பும்போதெல்லாம் பத்திரிகை முதலாளிகளே எதிர்த்து நின்னாங்க. பிரிட்டன்லயும் மேல சொன்ன 1909 புத்தகத்துக்கு விளம்பரம் போடவே சில பேப்பர்க மறுத்துச்சு.

கடைசில எப்படித்தான் கட்டுப்படுத்துனாங்க?

மெதுவா, ரொம்ப மெதுவா. 1905-ல காலியர்ஸ் பத்திரிகைல சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் தொடரா எழுதி கிழிச்சாரு, 1906-ல அமெரிக்காவுல சட்டம் வந்துச்சு: ஆல்கஹால், மார்ஃபின், அபின், கோகெய்ன் மாதிரி பொருள் இருந்தா லேபிள்ல போட்டே ஆகணும். ஆனா குணமாக்கும்னு பொய் சொல்றதை அது தடுக்கலன்னு 1911-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, அது ஒரு புற்றுநோய் "மருந்து" கேஸ். அடுத்த வருஷம் திருத்தம் கொண்டு வந்தாங்க. பிரிட்டன்ல நாடாளுமன்றக் குழு ஒண்ணு விசாரிச்சு அறிக்கை குடுத்த நாள் 1914 ஆகஸ்ட் 4, அன்னிக்குத்தான் பிரிட்டன் முதல் உலகப் போர்ல இறங்குச்சு, அறிக்கை கிடப்புல போச்சு. புற்றுநோய் சிகிச்சை விளம்பரத்துக்குத் தடை 1939-ல, உள்ள என்ன இருக்குன்னு லேபிள்ல போடணும்னு சட்டம் 1941-ல. நம்ம நாட்டுல 1954-ல மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம் வந்துச்சு, சர்க்கரை நோய், புற்றுநோய், ஆண்மைக் குறைவுன்னு ஒரு பட்டியலே இருக்கு, அதையெல்லாம் குணமாக்குறேன்னு விளம்பரம் பண்ணக் கூடாது. சுவத்துலயும் யூடியூப்லயும் இன்னிக்கும் பண்றாங்க, பாத்தா புகார் குடுங்க.

அந்த மருந்துகள்ல ஏதாவது இப்பவும் கிடைக்குதா?

பீச்சம்ஸ் மாத்திரையை 1998-ல நிறுத்திட்டாங்க, அந்தக் கம்பெனி பல தடவை கை மாறி கிளாக்ஸோஸ்மித்க்ளைனோட ஒரு பகுதி ஆச்சு. பிங்காம் பேர்ல மூலிகை டானிக் ஃபார்முலா மாறி ரொம்ப காலம் ஓடுச்சு. காலிஸ் பிரௌன் மிக்ஸ்சர் மட்டும் பிரிட்டன்ல வயித்துப்போக்கு, இருமல் மருந்தா அதே பேர்ல நீடிச்சது. கஞ்சாவும் க்ளோரோஃபார்மும் போயிருச்சு, ரொம்பக் குறைஞ்ச அளவு மார்ஃபினும் புதினா எண்ணெயும்தான், எது எவ்வளவுன்னு பாட்டில்லயே போட்டிருக்கும்.